ஹம் என்று நினைத்த சத்தம்

ஜெரோம், டேய் ஜெரோம், உன் பேரைச் சொல்லித்தான் இதை ஆரம்பிக்கிறேன். நீ இல்லை என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். பென்னாகரம் பக்கம் மைக் செட் போடுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பசங்களுக்காக இதை எழுதுகிறேன். ஜெரோம் என் சிநேகிதன், என் வயசுதான். பகலில் டைல்ஸ் ஒட்டுவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பான். பியானோவுக்காக அந்தக் காலத்தில் எழுதிய வெளிநாட்டு இசையை ஆர்கனுக்கு மாற்றி, அதை மட்டுமே வாசித்து ஒரு கச்சேரி வைக்க வேண்டும் என்று கிடந்து உழைத்தான்.

செக்கிங்

கரண்டில் ஓடுகிற அந்த ஆர்கன் சர்ச் வாசலுக்கு மேலே மாடியில் இருக்கிறது. ஜனங்கள் பீடத்தைப் பார்த்து உட்காருவார்கள், வாசிப்பவன் அவர்களுக்கு முதுகுப் பக்கம். நான் கீழே தூண் ஓரம், ஆர்கன் ஒயர் வந்து சேருகிற மிக்சர் பெட்டியோடு இருப்பேன். எனக்கும் அவன் தெரியமாட்டான்.

கச்சேரி அன்று மதியம், ஒயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று லைன் செக் பண்ண மாடிக்குப் போனேன்.

"பியானோல தட்டுனா சத்தம் தானா அடங்கிடும் மாப்ள. இதுல அழுத்துனத எடுத்தாத்தான் நிக்கும். அப்படியே வாசிச்சா ஒரே கொழகொழன்னு இருக்கும். அதான் பாதிய, காலால வாசிக்கற பெடல் கட்டைக்கு மாத்திட்டேன்" என்றான். சொல்லிக்கொண்டே நெஞ்சைத் தேய்த்தான். முகமெல்லாம் வேர்வை.

"என்னடா பண்ணுது?"

"கேஸு. காலைல போண்டா தின்னேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடா. வண்டி எடுக்கறேன்."

"போனா ஈசிஜி கீசிஜின்னு படுக்கப் போட்டுருவாங்க. எங்கம்மா இன்னிக்கு வேலைக்குக்கூடப் போவாம மொத வரிசைல உக்காரப் போவுது. முடிச்சுட்டு வரேன். நீ சோடா வாங்கியா, பெரிய டாக்டரு!"

வாங்கிக் கொடுத்தேன். ஏப்பம் விட்டான். "பாத்தியா, வெளிய வந்துடுச்சு" என்று சிரித்தான். எனக்கு மட்டும் மனசு ஒரு மாதிரியாகவே இருந்தது.

கச்சேரி

சாயங்காலம் சர்ச் நிறைந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் ஒருவர், "பாட்டு எப்பங்க பாடுவாங்க?" என்று கேட்டார். "பாடமாட்டாங்களாம், வெறும் மியூசிக்காம்" என்றது அவர் சம்சாரம். ஆனாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. அவ்வளவு நன்றாக வாசித்தான்.

கடைசி உருப்படி. வேகமாக ஓடிக்கொண்டிருந்த மேல் சத்தமெல்லாம் திடீரென்று நின்றுபோனது. கனமாக ஒரு பேஸ் சத்தம் மட்டும் விடாமல் அப்படியே கேட்டது. எங்கள் தொழிலில் அப்படிக் கேட்டால் அது ஹம், கரண்ட் இரைச்சல். எர்த் சரியில்லை, இல்லையென்றால் ஒயர் முனையில் சொருகுகிற ஜாக் லூஸ். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை மெதுவாக இறக்கினேன். சத்தம் அடங்கியது.

கச்சேரி முடிந்தது என்று எல்லோரும் கை தட்டினார்கள். முதல் வரிசையில் அவன் அம்மா எழுந்து நின்று தட்டினார்.

ஜாக்கைக் காலால் இழுத்துவிட்டாயா என்று அவனைத் திட்டத்தான் மாடி ஏறினேன். ஜெரோம் ஆர்கனின் மேல்பலகையில் தலை சாய்த்திருந்தான். இரண்டு கையும் தொங்கின. இடது கால் மட்டும் பெடலை அழுத்திக்கொண்டிருந்தது. ஜாக்கில் ஒரு கோளாறும் இல்லை. கீழே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போகும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கண்ணு, கடைசிப் பாட்ட முழுசா முடிச்சானா?"

"எல்லாரும் கை தட்டுனாங்களேம்மா."

"ஆமா, நானுந்தான் தட்டுனேன்" என்றார்.

பசங்களா, சத்தம் ஆடாமல் அசையாமல் நின்றால் ஜாக்கை அப்புறம் பாருங்கள். முதலில் வாசிக்கிற ஆளைப் போய்ப் பாருங்கள். நெஞ்சு பிசைகிறது என்று எவனாவது சொன்னால், அவன் திட்டினாலும் பரவாயில்லை, கச்சேரி நின்றாலும் பரவாயில்லை, வண்டியில் ஏற்றுங்கள்.

நான் முருகனைக் கும்பிடுகிறவன். ஜெபம் சொல்ல எனக்குத் தெரியாது. படிக்கிற எல்லோரும், உங்கள் சாமி எதுவானாலும் சரி, ஜெரோம் என்று பேர் சொல்லி அவனுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.