வெள்ளி மதியமும் சனிக்கிழமையும்

தாஞ்சியர் துறைமுகத்துக்கு மேலே, ஹாஜி ஸெர்வாலியின் தையல் பட்டறையில் சட்டைகளுக்குக் காலர் வைப்பவள் ரஹ்மூனா. வஸ்ஸானுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் பிறந்தவள். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. கைக்குழந்தை கிஸ்லானை அக்கா ஷாமாவிடம் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

சனிக்கிழமை நண்பகலில் பட்டறை விடும். அதன் பிறகு பேருந்து பிடித்து ஊர் சேரும்போது குழந்தை தூங்கியிருக்கும். திரும்புவதற்கு இருப்பது ஞாயிறு விடியற்கால வண்டி ஒன்றுதான். அப்போதும் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். பெருநாள் விடுமுறைக்குப் போனபோது கிஸ்லான் பெரியம்மாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இது யாரு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு திரும்பிய ரஹ்மூனா நேராக ஹாஜியின் அறைக்குப் போனாள்.

"சனிக்கிழமை அரை நாளை விட்டுடுங்க ஹாஜி. அந்த நாலு மணி நேரத்தை மத்த நாள்ல தைச்சுக் குடுத்துடறோம்."

கணக்கை அவளே போட்டு வைத்திருந்தாள். திங்கள் முதல் வியாழன் வரை தினம் அரை மணி கூடுதல். வெள்ளி மதியம் மூன்று மணி நேர இடைவேளை ஒரு மணி நேரமாகக் குறையும். துணி வெட்டும் மேசை ஆண்கள் தொழுதுவிட்டு வர அது போதும், பள்ளிவாசல் எதிரேதான்.

ஹாஜி மீசையைத் தடவினார். "வெள்ளிக்கிழமை குஸ்குஸ்ஸை யாரு செய்வா? உங்க வீட்டுக்காரங்க எல்லாம் என் வாசல்ல வந்து நிப்பாங்க. ஒருத்தி வேணாம்னாலும் பழையபடிதான்."

கோதுமைக் குருணையை மூன்று முறை ஆவியில் அவிக்கும் குஸ்குஸ்ஸைப் பெண்கள் அந்த நீண்ட இடைவேளையில்தான் வீட்டுக்குப் போய்ச் செய்து, குடும்பத்தோடு சாப்பிடுவார்கள். பட்டறையே இரண்டுபட்டது. இளம்பெண்களுக்குச் சனிக்கிழமை இனித்தது. குடும்பக்காரிகள் முகம் சுளித்தார்கள்.

"குஸ்குஸ்ஸைச் சனிக்கிழமைக்கு மாத்திக்கலாமே" என்றாள் ஒருத்தி.

"சனிக்கிழமை குஸ்குஸ்ஸா? துக்க வீட்டுலதான் அப்படி அவிப்பாங்க. ஏன், யாரு செத்தது?" என்றாள் ஹத்தா.

பொத்தான் துளை போடும் ஹத்தாதான் அங்கே மூத்தவள். கல்யாணமான மூன்று மகன்களும் வெள்ளி மதியம் அவள் வீட்டில் ஒரே தட்டைச் சுற்றி உட்காருவார்கள். அவள் ரஹ்மூனாவைப் பார்த்து, "உனக்கென்னடி, கரண்டியோட காத்திருக்க உனக்கு ஆளா இருக்கு?" என்றாள்.

ரஹ்மூனாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குரல் தாழவில்லை. "இல்லக்கா. எனக்காகக் காத்திருந்த ஒருத்தியும் இப்ப என்னை யாருன்னு கேக்குறா. அதனாலதான் கேக்குறேன். விடிகாலையில நீங்க ரெண்டு தடவை அவிச்சு வச்சிட்டு வாங்க. மூணாவது தடவை வீட்டுல இருக்குறவரு அவிக்கட்டும்."

"என் வீட்டுக்காரர் மஃபத்தலா? அந்த மனுஷனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது!"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஹத்தாவும் கொஞ்சம் இளகி, ஒரு மாதம் பார்க்கலாம் என்றாள். ஹாஜியும் தலையசைத்தார்.

முதல் வெள்ளிக்கிழமை, தைத்து முடித்த சட்டைக்கட்டுகளுக்கு அருகே ரஹ்மூனா ஊருக்குப் போகும் பையைத் தயாராக வைத்திருந்தாள். மாலைப் பேருந்தில் ஏறினால் சனி முழுதும் மகளோடு இருக்கலாம். பிற்பகலில் ஹத்தாவின் தொலைபேசி அடித்தது. பேசி முடித்தபோது அவள் முகம் கறுத்திருந்தது. மஃபத்தல் அவிக்கும் சட்டியை மூடிபோட்டு மூடிவிட்டார். ஆவி தண்ணீராக இறங்கி, குருணை ஒரே கட்டியாகிவிட்டது. "அப்பா சிமெண்ட் போட்டுட்டாரு" என்று மகன்கள் சிரித்திருக்கிறார்கள். அவர் கோபித்துக்கொண்டு காப்பிக்கடைக்குப் போய்விட்டார்.

"திங்கக்கிழமை ஹாஜிகிட்ட வேணாம்னு சொல்லிடுவேன். என்னைத் தப்பா நினைக்காத" என்றாள் ஹத்தா.

ரஹ்மூனா பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையம் வரை போனாள். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. இன்று ஏறினால் இந்த ஒரு சனிக்கிழமைதான் கிடைக்கும். திங்களன்று ஹத்தா வேண்டாம் என்றுவிட்டால் அதன் பிறகு ஒன்றும் இல்லை. அக்கா ஷாமாவுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலை ஹத்தாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு பொட்டலம் குருணை.

"மஃபத்தல் அண்ணே, உங்களைத்தான் பாக்க வந்தேன்."

ஓய்வுபெற்ற கொத்தனார் அவர். முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் விறைத்தார். "சமையக்கட்டு ஆம்பள வேலை இல்ல."

"கலவைக்கு எவ்வளவு தண்ணின்னு உங்க கைக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நாப்பது வருஷம் கலந்த கை இது!"

"அப்ப இதுவும் தெரியும். தண்ணியைத் தெளிங்க, ஊத்தாதீங்க. உள்ளங்கையால உதிருங்க. கீழ இருக்குற குழம்புச் சட்டியும் மேல அவிக்கிற சட்டியும் சேர்ற இடத்துல ஆவி தப்புது பாருங்க, அங்க மாவுத்துணியால பூசணும். மேல மட்டும் மூடக் கூடாது."

ஆவி தப்புகிறது என்றதும் கொத்தனாருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து, ஈரத்துணியை மாவில் தோய்த்து, சுவர் வெடிப்பை அடைப்பதுபோல் விரலால் அழுத்தி அடைத்தார். ஹத்தா வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் தட்டு பிசுபிசுத்தது. ரஹ்மூனா அதைக் கொட்டிவிட்டு மறுபடி அளந்தாள். மூன்றாவது தட்டு உதிரியாக விழுந்தபோது பேருந்தெல்லாம் எப்போதோ போயிருந்தது.

"திங்கக்கிழமை வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள் ஹத்தா. "அடுத்த வெள்ளி வரைக்கும்தான்."

அந்த வெள்ளி மதியம் பட்டறை வாசலில் மஃபத்தல் வந்து நின்றார். கண்ணாடி வழியே பார்த்த ஹாஜி எழுந்து வந்தார். "நான் சொல்லல? வந்துட்டாங்க!"

மஃபத்தல் துணி மூடிய ஒரு மண்தட்டை நீட்டினார். "பசங்க சாப்பிட்டு முடிச்சாச்சு. இது அவளுக்கு. பூசணிக்காய் ஓரமா இருக்கு, கொட்டிடாதீங்க."

ஹத்தா ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டு மெல்ல மென்றாள். பட்டறை முழுவதும் அவள் வாயையே பார்த்தது.

"உப்பு கம்மி" என்றாள். பிறகு ஹாஜியிடம் திரும்பி, "சனிக்கிழமை நான் வரமாட்டேன். இந்த மாசம்னு இல்ல, இனிமேலே" என்றாள்.

அன்று மாலை ரஹ்மூனா பேருந்து ஏறினாள். காலையில் கிஸ்லான் கண் விழித்தபோது அவள் அருகில் சீப்போடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தது.

"நீ இன்னும் போகலையா?"

"இன்னைக்குப் போகல. எந்திரி, தலை பின்னணும்."