புளியங்கொட்டை அச்சில் வார்த்த ஈயம்

நான் பள்ளி இறுதித் தேர்வில் தேறி ஆசிரியர் பயிற்சிக்கு இடம் வாங்கிய வருஷம்தான் நைனாவின், அதாவது என் அப்பாவின், வலது கையில் திருக்கை மீன் குத்தியது. வலையில் சிக்கியதை எடுத்துப் போடும்போது வாலைச் சுழற்றி முள்ளை உள்ளங்கையில் இறக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டுப் போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது, புண்ணும் ஆறியது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. சோறு பிசைய முடிந்தது. வலைக் கயிற்றைப் பிடித்து நிற்க முடியவில்லை.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியில் இறால் விழும் இடத்துக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று அதற்கு முறை வைத்திருக்கிறார்கள். முறை வரும்போது ஒவ்வொரு தலைக்கட்டும் வலை இழுக்க ஒரு ஆளை அனுப்ப வேண்டும். ஆள் போனால்தான் பங்கு. உடம்பு சரியில்லை என்றால் கொஞ்ச நாள் பொறுப்பார்கள். அதற்கு மேல் வீட்டில் இருக்கிற வேறு ஆண்பிள்ளை இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் வேறு ஆண்பிள்ளை என்றால் நான்தான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வலைக்கு மூத்த ஆள். அவர் கெட்டவர் இல்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து, வரப்போகும் அமாவாசை வரைக்கும் என் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகவும் அதற்குள் ஒரு முடிவு சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். வாத்தியார் வேலை எங்கேயும் ஓடிப்போகாது, அடுத்த வருஷம் படித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு வலையில் இறங்கியவர்கள் யாரும் அடுத்த வருஷம் படிக்கப் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குப் போக வேண்டும் என்றிருந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதும் இருந்தது.

மறுநாள் நைனா என்னைத் தூண்டில் வாங்கி வரச் சொன்னார்.

வலைக்கார வீட்டில் தூண்டில் என்றால் பள்ளிக்கூடத்துப் பசங்கள் லீவு நாளில் கெளுத்தி பிடிக்கிற சமாச்சாரம். நைனா சின்னப் படகில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் படகுக்காரர்கள், இன்னா, சிலேட்டு வாங்கியாச்சா, எந்தக் கிளாஸில் சேத்துருக்காங்க என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் தூண்டிலுக்குப் பாடு கிடையாது, முறை கிடையாது. எவனும் எங்கேயும் போடலாம். ஒத்தை ஆள் போதும். அதுதான் நைனாவின் கணக்கு. கழி போட்டுப் படகு தள்ள மட்டும் முதலில் நான் கூடப் போனேன்.

குறி, கொடுவா மீன். முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் ஏறும்போது கொடுவா சிப்பித் திட்டுகளை ஒட்டி மேயும். உயிர் இறால்தான் அதற்கு நல்ல இரை. ஆனால் நைனா இறாலைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். முறைக்கு ஆள் அனுப்பாதவன் ஏரி இறாலை எடுத்துத் தூண்டிலில் குத்தக் கூடாதாம். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, அவராகவே போட்டுக்கொண்டார். ஆக, புழுதான். தண்ணீர் வற்றும்போது நானும் அம்மாவும் சேற்றைத் தோண்டி, விரல் நீளத்துக்கு இருக்கும் சிவப்புப் புழுக்களைப் பழைய அலுமினியச் சட்டியில் போட்டுக் கொண்டுவருவோம்.

மீன் கடித்தது. கடிக்கவில்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் ஒன்றும் மாட்டவில்லை. நைலான் நரம்பு விரலில் லேசாக நடுங்கும், நைனா இழுப்பார், வெறும் தூண்டில் வரும். சில நேரம் மீன் மேலே எழும்பித் தலையை இப்படியும் அப்படியும் உதறும், தூண்டில் தெறித்துப் படகில் வந்து விழும். கொடுவாவின் வாயைத் திறந்து பார்த்தால் கைமுட்டியே உள்ளே போகும் போலிருக்கும். ஆனால் சுற்றிலும் எலும்பு. தைக்கிற இடம் வாயோரத்தில் கொஞ்சம்தான். அதுவும் இரையைக் கவ்வாது, தண்ணீரோடு உறிஞ்சும். சந்தேகம் வந்தால் அப்படியே துப்பிவிடும்.

நைனா வலையில் கட்டுகிற ஈயத்தைத் தூண்டிலிலிருந்து ஒரு முழம் மேலே கட்டியிருந்தார். ஈயம் மீன் கண்ணில் படக் கூடாது என்பது அவர் எண்ணம். வலையில் அது சரி. தூண்டிலில், ஈயம் ஒரு பக்கம் சேற்றில் கிடக்க, புழு ஒரு முழம் தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. மீன் உறிஞ்சுவது கைக்கு வந்து சேர்வதற்குள் துப்பிவிட்டுப் போய்விடும்.

நான் தூண்டில் வாங்கிய பாய் கடை பழவேற்காடு பஜாரில் இருந்தது. நூல், ஈயம், ஆணி, அரிக்கேன் விளக்குத் திரி எல்லாம் அங்கேதான். இதைவிடப் பெரிய தூண்டில் இருக்கிறதா என்று மறுபடி போய்க் கேட்டபோது பாய், எதுக்குத் தம்பி என்று விசாரித்தார். முழுதும் சொன்னேன். அவர் கல்லாப் பக்கம் குனிந்து ஒரு தகர டப்பாவைத் திறந்தார்.

"இத பாரு. எங்க பெரியத்தா சிங்கப்பூர்லேந்து கொண்டாந்தது. தரமாட்டேன், பாத்துக்கோ."

ஒரு தூண்டில். அதன் கழுத்திலேயே ஈயம் உருண்டையாக ஒட்டியிருந்தது. தலையும் கொக்கியும் ஒரே உருப்படி. ஈயம் எங்கே இருக்கிறதோ அங்கேயே இரை. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். நெம்புகோல் பாடத்திலிருந்து ஆரம்பித்து விளக்கப் போனேன். "பாடம் அப்புறம் எடு, மொதல்ல ஈயத்த உருக்கு" என்றார்.

அச்சுக்கு ஏரிக்கரைக் களிமண். உள்ளே குழிவு வேண்டுமே, அதற்கு அம்மா கொட்டைகளைக் கொடுத்தாள். நாவல் கொட்டை, இலந்தைக் கொட்டை, புளியங்கொட்டை. இரண்டு துண்டுக் களிமண்ணுக்கு நடுவில் கொட்டையை வைத்து அழுத்தி, பிரித்து எடுத்து, நன்றாகக் காயவிட்டோம். ஈரம் இருந்தால் உருகிய ஈயம் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும் என்று நைனா அவசரப்பட விடவில்லை. காய்ந்த அச்சில் தூண்டிலின் கழுத்தைப் படுக்கவைத்து மூடி, பழைய வலையின் ஈயத்தை ஓட்டைக் கரண்டியில் உருக்கி ஊற்றினோம். ஓட்டைக் கரண்டி என்று நாங்கள்தான் சொன்னோம். அம்மா அதில்தான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள், ஓட்டை பக்கவாட்டில்தானே என்று. இனி எதில் குழம்பு ஊற்றுவது என்று அந்த வாரம் முழுக்கத் திட்டினாள்.

நாவல் கொட்டை ஈயம் பெரிது. போட்டவுடன் சேற்றில் புதைந்து புழுவையும் கூட இழுத்துக்கொண்டு போனது. மேலே எடுத்தால் சேற்று உருண்டை. இலந்தை உருண்டை சின்னது, தண்ணீர் ஏறுகிற வேகத்தில் தரையில் நிற்காமல் உருண்டு ஓடியது. நரம்பு தளர்ந்தே இருந்ததால் எது கடி, எது ஓட்டம் என்று தெரியவில்லை. புளியங்கொட்டைதான் நின்றது. தட்டையாக இருந்ததால் தரையில் படிந்து உட்கார்ந்தது, தூண்டில் முனை மேலே பார்த்து நிமிர்ந்து நின்றது. வீட்டில் அண்டாத் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. நைனா அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அப்படியும் முதல் நாள் மாட்டவில்லை. கடி இப்போது கைக்குப் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் முனை தைக்கவில்லை. மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தோம். நான் ஈயத்தைத் தாராளமாக ஊற்றியிருந்தேன். அது கழுத்தோடு நிற்காமல் வளைவு வரைக்கும் இறங்கியிருந்தது. முனைக்கும் ஈயத்துக்கும் நடுவில் இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் புழுக் கொத்து அடைத்துக்கொண்டிருந்தது. மீன் கவ்வினால் வாயில் படுவது புழுவும் ஈயமும்தான், முனை இல்லை. அதனால் வாய் அகலமான தூண்டிலாகப் பொறுக்கி எடுத்து, ஈயத்தைக் கழுத்தோடு நிறுத்தினோம். புழுவைக் கொத்தாகக் குத்தாமல் ஒரே புழுவைத் தலையிலிருந்து நூல் கோர்ப்பதுபோல் ஏற்றி, முனை மட்டும் தோலுக்கு வெளியே தெரியும்படி விட்டோம். வால் தொங்கி ஆடியது.

அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சிப் பள்ளிக்கு எடுத்துப்போக அம்மா வாங்கிவைத்த டிரங்குப் பெட்டி வீட்டு மூலையில் இருந்தது. அதை யாரும் திறக்கவும் இல்லை, எடுத்து வேறிடம் வைக்கவும் இல்லை.

புதுத் தூண்டிலோடு ஒருநாள் விடிந்ததும் போனோம். நைனா நரம்பை இடது கை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டார். திட்டின் ஓரத்தில் ஈயம் தரை தொட்டதும் கடி வந்தது. இழுத்தார். போய்விட்டது. மறுபடி கடி, மறுபடி போய்விட்டது. நான் கழியைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்தேன். அவர் மெதுவாக, சீராக, ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டிருந்தார். வலையை அப்படித்தான் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கண்ணி அறும். சின்ன வயசிலிருந்து அந்தக் கைக்கு வேறெதுவும் தெரியாது. நான் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தன் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் மீன இழுக்கலடா. வலைய இழுத்துனு இருக்கேன்."

அடுத்த கடிக்குக் கொஞ்சம் காத்தார். நரம்பு இறுகியது. முழங்கையைப் பின்னால் ஒரே வெட்டாக வெட்டினார். தண்ணீருக்கடியில் ஏதோ கல்லில் மாட்டியதுபோல் நின்றது. பிறகு அந்தக் கல் நகர்ந்தது. கொடுவா எழும்பியது, வாயைத் திறந்து தலையை உதறியது. தூண்டில் தெறிக்கவில்லை. வலது கையின் நல்ல விரல்களால் நரம்பை அமுக்கி, இடது கையால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் படகில் ஏற்றினார். தூண்டில் வாயோரத்தில், எலும்புக்குப் பக்கத்துத் தோலில், தைத்து மறுபுறம் வந்திருந்தது. நைனா அதைக் கழற்றாமல் ரொம்ப நேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஒரு மீன் எதையும் நிரூபிக்காது என்று எனக்குப் பயம் இருந்தது. மறுநாளும் கிடைத்தது. அதற்கடுத்த நாள் தண்ணீர் கலங்கலாக இருந்ததால் ஒன்றும் இல்லை. அப்புறம் மறுபடி கிடைத்தது. தவறியவையும் உண்டு, ஆனால் ஏன் தவறியது என்று இப்போது அவரால் சொல்ல முடிந்தது. வாயோரத்தில் மாட்டிய மீன் உயிரோடு கரைக்கு வரும். அம்மா அதை அப்படியே பஜாருக்கு எடுத்துப்போவாள், போட்டி போட்டு வாங்கிப்போனார்கள். கடைசி நாட்களில் நைனா என்னைக் கரையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். கழியை அக்குளில் இடுக்கி, ஒத்தையாகப் படகு தள்ளிக்கொண்டு போய்வரப் பழகியிருந்தார்.

அமாவாசைக்கு முந்தின நாள் மாமா வந்தார். அன்றைக்குக் கிடைத்த கொடுவா வாசலில் ஈரச் சாக்கில் கிடந்தது. மாமா உட்காரவில்லை. நாளைக்குப் பாடு விஷயம் பேசணும் என்று ஆரம்பித்தார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அவன் வரமாட்டான் மச்சான்," என்றார் நைனா. "என் பங்க நிறுத்திக்கோ. கை சரியானா நானே வந்து கேக்கறேன்."

"ஒத்தக் கையில எத்தினி நாளிக்கு ஓட்டுவ?"

"இது ஒத்தக் கை வேலதான்."

மாமா சாக்கைக் காலால் விலக்கி மீனைப் பார்த்தார். அதன் வாயை விரலால் திறந்து ஓரத்தில் இருந்த துளையையும் பார்த்தார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா மாப்ள, தப்பிச்ச போ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா உள்ளே போய் டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்த சத்தம் கேட்டது. அன்றைக்கு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் கிளம்பிய காலையில் நைனா பஸ் ஏற்ற வரவில்லை. தண்ணீர் ஏறுகிற நேரம், ஒத்தையாகப் படகு தள்ளிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டார். பெத்த பிள்ளை ஊரை விட்டுப் போகும்போதும் இந்த மனுஷனுக்கு மீனுதான் பெரிசு என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பொன்னேரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் வராமல் போனதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.