அமைதிக்குப் பத்து மதிப்பெண்

காஞ்சிபுரத்தில் எனக்கு வேலை என்று உத்தரவு வந்தபோது, அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இரண்டுதான். அங்கே கோயில்கள் நிறைய. அங்கே பட்டு நெய்கிறார்கள். இரண்டாவது விஷயத்தை நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்திருந்தேன். வேலை ஓர் அரசு அலுவலகத்தில், வரைபடம் வரைவது. திருநெல்வேலியிலிருந்து அவ்வளவு தூரம் ஒரு கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்புவதா என்று மாமா யோசித்தார். அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் அவர் வீட்டில்தான் இருந்தோம். என் விடுதிச் செலவும் படிப்புச் செலவும் அவருடையவை. அதனால் அவர் போட்ட நிபந்தனையை மறுக்க முடியவில்லை. நான் முதலில் போய் வேலையில் சேர்ந்து வீடு பார்க்க வேண்டும். பிறகு அம்மா வந்து என்னோடு இருப்பாள். சில வாரம் கழித்து மாமா நேரில் வந்து பார்ப்பார். அம்மாவுக்கு மூச்சிழுப்பு நோய். அந்த ஊரில் அவள் உடம்பு இன்னும் கெட்டிருந்தால் நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பின்னால் ரயிலேற வேண்டும். அதற்குப் பிறகு என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஏற்கெனவே இரண்டு ஜாதகங்கள் அலமாரியில் இருந்தன.

ஆக, என் வேலை பிழைக்குமா என்பது நான் பார்க்கப்போகும் வீட்டில் இருந்தது. நான் பதறவில்லை. ஒரு வரைபடத் தாளை எடுத்துக் கட்டம் போட்டேன்.

எதற்கும் கட்டம் போடுவது அப்போது என் பழக்கம். வாடகை, தண்ணீர், அலுவலகத் தூரம், பஸ், காற்றோட்டம், அக்கம்பக்கம் என்று பன்னிரண்டு பத்திகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். 'நல்ல தூக்கம் இருந்தால் இழுப்பு பாதி குறையும்' என்று ஊரில் டாக்டர் சொல்லியிருந்ததால், அமைதி என்ற பத்திக்கு மட்டும் இரட்டை மதிப்பு. அந்தப் பத்தியின் கோட்டை இரண்டு தடவை அழுத்தி வரைந்தேன். என்னைத் தன் வீட்டில் தற்காலிகமாகத் தங்க வைத்திருந்த எங்கள் அலுவலக டைப்பிஸ்ட் அக்கா எட்டிப் பார்த்து, வீடு பார்க்கிறாயா பாலம் கட்டுகிறாயா என்று கேட்டார்.

கோயில்களை ஒட்டிய தெருக்களில் வாடகை என் சம்பளத்தைப் பார்த்துச் சிரித்தது. எனவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே கிளம்பினேன். திருப்புட்குழியில் பாதி வாடகைக்கு முழு வீடு கிடைத்தது; ஆனால் மாலையில் கடைசி பஸ் எப்போது என்று கேட்டபோது ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள், எல்லாம் என் அலுவலகம் முடிவதற்கு முன்னால். முசரவாக்கத்தில் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் 'உன் வீட்டுக்காரரு எப்பம்மா வருவாரு' என்பதைத் தாண்டி அவரால் பேச்சை நகர்த்த முடியவில்லை. கூரத்தில் ஒரு வீடு உண்மையிலேயே நன்றாக இருந்தது: கிணறு, வேப்பமரம், சுற்றிலும் வயல். பஸ் மட்டும் தன் இஷ்டத்துக்கு வரும். கூரத்துக்கு நல்ல மதிப்பெண் போட்டு, முடிவை ஒத்தி வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார்பாளையம் போனேன். ஊரை ஒட்டிய நெசவாளர் பகுதி. அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். ஒரு தெருவின் கடைசியில், வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விடுவதாகக் கேள்வி. வாடகை என் கணக்குக்குள் அடங்கியது. குழாயில் தண்ணீர் வந்தது. பெண்கள் இருவர் மட்டும் இருப்போம் என்றதற்கு வீட்டுக்காரம்மா முகம் சுளிக்கவில்லை. கடைசியாக அமைதியைச் சோதித்தேன். தெரு நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு காக்கை. தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். வேறு ஒன்றுமில்லை. அந்த வழியாக வந்த ஒரு பெண், மயக்கமா, சோடா வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள். பத்துக்குப் பத்து, இரட்டித்து இருபது.

முன்கூடத்தில் இரண்டு தறிகள் இருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் இல்லை. துணி போர்த்தியிருந்ததை விலக்கிக் காட்டச் சொல்லி, அரை மணி நேரம் வியந்து பார்த்தேன். எந்தப் பலகை எதன் மேல் இடித்து நூலை நெருக்கும் என்று மனத்துக்குள் படமும் வரைந்துகொண்டேன். ஒன்றின் மேல் ஒன்று இடித்தால் சத்தம் வரும் என்பதை மட்டும் எங்கள் பாலிடெக்னிக்கில் நடத்தாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அம்மா வந்தாள். பாய் விரித்து, முன்கூடத்தை ஒட்டிய சுவரோரம் அவளைப் படுக்க வைத்தேன். அங்கேதான் காற்று நன்றாக வரும் என்று கணக்கிட்டிருந்தேன். மறுநாள் விடியும் முன்பே அந்தச் சுவர் பேச ஆரம்பித்தது. டக், டக், சற்று இடைவெளி, மறுபடி டக். கொஞ்ச நேரத்தில் எதிர்வீடும் பக்கத்து வீடும் சேர்ந்துகொண்டன. வெளிச்சம் வந்தபோது தெரு முழுவதும் ஒரே பெரிய இயந்திரம்போல ஓடிக்கொண்டிருந்தது. அலமாரியில் டம்ளர்கள் மெல்ல நகர்ந்தன.

முன்கட்டுக்குப் போய், அன்றைக்குச் சத்தமே இல்லையே என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். என் குரலில் கொஞ்சம் குற்றச்சாட்டும் இருந்திருக்கும்.

"நீ வந்த அன்னிக்கு அமாவாசைம்மா," என்றார் அவர். "அமாவாசைல எவன் தறில குந்துவான்? மாசத்துல அந்த ஒரு நாளுதான் லீவு. நீ படிச்ச பொண்ணு, தெரிஞ்சிக்கினு வந்திருப்பேன்னு பாத்தேன்."

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது டைப்பிஸ்ட் அக்கா தட்டச்சு இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். பிள்ளையார்பாளையத்தில் அமைதி தேடுவதற்கு முன்னால் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா என்றார். கேட்டிருக்கலாம். ஆனால் நான் எதையும் அளந்து பார்க்கிறவள்; கேட்கிறவள் அல்ல.

அம்மா குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. அவள் இருமினாள். விடியற்காலையில் தறி தொடங்கும்போது அவளும் தொடங்கினாள். அடிவயிற்றிலிருந்து, நின்று நிதானமாக, சளி வெளியே வரும்வரை. விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இப்படி அவள் இருமி நான் கேட்டதில்லை. அங்கே சும்மா ஒரு செருமல், அவ்வளவுதான். அங்கே குறைவு, இங்கே அதிகம். காரணம் சத்தம்; அதனால் தூக்கக்கேடு. இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா? நான் கட்டத்தாளைத் திரும்ப எடுத்தேன். கூரத்து வீட்டுக்காரரிடம் போய், வீடு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். மாசக் கடைசி வரை வைத்திருக்கிறேன் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் அஞ்சலட்டை வந்தது. இந்த மாதத்துக்குள் எப்போது வரலாம், எழுது என்றிருந்தது. அதற்குள் கூரத்துக்கு மாற அவகாசம் இல்லை. நான் நாள்காட்டியைப் பார்த்து, அடுத்த அமாவாசைக்கு முந்திய நாள் மாலை வரும்படி எழுதினேன். அமாவாசையன்று கோயில்களில் தரிசனம் விசேஷம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். ஒரு முறை முட்டாளாக்கிய நாளை இன்னொரு முறை கருவியாக்கிக்கொண்டதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

எல்லாம் கணக்குப்படி நடந்தது. மாமா வந்து சேர்ந்தபோது தறிகள் நின்றிருந்தன. மறுநாள் அமாவாசை. அவர் தெருவில் உலாவினார், குளித்தார், கோயிலுக்குப் போய் வந்தார். இப்படி ஓர் அமைதியான தெருவைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அம்மாவின் இருமலையும் காணோம் என்றார். இந்த ஊர்த் தண்ணீர் அவளுக்கு ஒத்துக்கொண்டது என்று எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

அவருக்குக் காப்பி எடுக்கச் சமையலறைக்குப் போனேன். அம்மா தண்ணீர்ப் பானையின் மேல் கை ஊன்றிக் குனிந்து நின்றாள். சேலை முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் மற்றொரு கையால், போ என்று காட்டினாள். காப்பியை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொன்னால் பொய். விளங்கியதை ஒப்புக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது.

அன்று மாலையே மாமா கிளம்புவதாக ஏற்பாடு. ஆனால் என் ஏற்பாடு அளவுக்கு மீறி வெற்றி பெற்றுவிட்டது. இவ்வளவு நிம்மதியான இடத்தை விட்டு ஏன் ஓட வேண்டும், இன்னும் ஒரு நாள் இருந்து போகிறேன் என்று அவர் பாயை விரித்தார். அதே சுவரோரம். அங்கே காற்று நன்றாக வருகிறதாம்.

விடியும் முன்பு முதல் தறி அடித்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார். மூன்றாவது நான்காவது தறியும் சேர்ந்தபோது நின்றுகொண்டிருந்தார். அதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் இருமலும் வந்தது, முழுசாக, ஒளிவுமறைவு இல்லாமல்.

"என்னட்டி இது?" என்றார் என்னிடம். "தினமும் இப்படித்தானா?"

ஆமாம் என்றேன். அப்புறம் அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. இந்தச் சத்தத்தில் ஒரு வியாதிக்காரியை வைத்திருக்கிறாயே, படித்தவளுக்கு இது தெரியாதா என்றார். நாளைக்கே அலுவலகத்தில் எழுதிக் கொடு என்றார். வேறு வீடு பார்த்திருக்கிறேன், கூரம், ரொம்ப அமைதி என்று நான் சொல்லத் தொடங்கியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் அவள் கொஞ்சம் உரக்கத்தான் பேசினாள். தன் அண்ணனிடம் அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

"நான் எங்கயும் வரல, அண்ணே. அங்க இருமல் வந்தா வாயில சேலையத் திணிச்சுக்கிட்டுல்லா கெடந்தேன். மதினி முழிச்சிருவா, பிள்ளைக முழிச்சிரும்னு. மூச்சு நின்னு போயிருமோன்னு எத்தன நாள் பயந்திருக்கேன் தெரியுமா? இங்க நான் இருமுனா யாருக்கும் கேக்காது. வேணுங்கமட்டும் இருமுதேன்."

மாமா உட்கார்ந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் கொண்டுவந்து வைத்த காப்பியை ஆறவிட்டுக் குடித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. ஒருவேளை அவருக்கும் அந்தச் சத்தம் சௌகரியமாக இருந்திருக்கலாம்; யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

பஸ் நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பஸ் ஏறும்போது அவர், "அவ எங்கிட்டச் சொல்லவே இல்லியேட்டி," என்றார். உனக்காவது தெரிந்திருக்கக்கூடாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் கட்டிலை லாரியில் போட்டு அனுப்புவதாகச் சொன்னார். தரையில் படுத்தால் நெஞ்சில் குளிர் ஏறும், அது வந்து சேரும்வரை கீழே இரண்டு சாக்கு போட்டுக்கொள்ளச் சொல் என்றார். கட்டில் வருகிறது என்றால் ராஜினாமா இல்லை என்று அர்த்தம்.

கூரத்து வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு, வராத பஸ்ஸுக்காகக் காத்திருந்து காத்திருந்து, மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். அம்மாவுக்கு இப்போதிருக்கும் வீடே பிடித்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவருக்கு வருத்தம். வாடகையைக் கொஞ்சம் குறைக்கிறேன் என்றார். அதற்கும் நான் மசியாததால், அந்த வீட்டின் பெரிய பெருமையைச் சொன்னார்.

"யோசிச்சுப் பாரும்மா. இங்க ஒரு சத்தம் இருக்காது. இந்தாண்ட எல உதுந்தா அந்தாண்ட கேக்கும்."

"அதுதாங்க கஷ்டம்," என்றேன்.

அவர் என்னைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார்.