தராத சாக்பீஸ்

“கார்பனுக்கு நாலு கைடி” என்று பேத்தி போனில் தோழிக்கு விளக்கினாள். எனக்குப் பழைய கோபம் பொங்கி வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், தூத்துக்குடியில் எங்கள் பள்ளி வேப்பமரத்தடியில், மீன் வாடை போகாத விரல்களில் நாலை விரித்து, என் வகுப்பு அந்தோணியம்மா சொல்லித் தந்தாள். “ஏளா, ஒவ்வொரு கையும் ஒரு ஹைட்ரஜனப் பிடிச்சுக்கிடும். அதான் மீத்தேன்.”

பரீட்சையில் இருவரும் அதைச் சரியாக வரைந்தோம்.

“மீன்காரி மவ உன்னப் பாத்துத்தானே எழுதியிருக்கா?” என்று டீச்சர் என்னிடம் கேட்டார்.

“இல்ல டீச்சர். எனக்குச் சொல்லித் தந்ததே அவதான்.”

“வாய மூடுளா!”

அந்தோணியம்மா எழுந்தாள். “சாக்பீஸைத் தாங்க டீச்சர். போர்டுல போட்டுக் காட்டுதேன்.”

டீச்சர் தரவில்லை. அந்தோணியம்மாவின் விடைத்தாளைக் கிழித்துப் போட்டார். அவள் அதன்பிறகு பள்ளிக்கே வரவில்லை.

பல வருஷம் கழித்து அந்த டீச்சர் இறந்தார். கூடப் படித்தவர்கள் துட்டிக்குப் போனார்கள். நான் போகவில்லை.