விடுதலைப் பத்திரம்

இதை நான் எழுதுவது பெரியப்பா வீட்டில் யாருக்கும் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும். நடந்தபோது எனக்குப் பத்து வயது. எல்லாம் என் வாயால் வந்தது என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே எழுதும் உரிமையும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

செஞ்சிக் கடைவீதியில் எங்களுக்கு ஒரு பாத்திரக் கடை இருந்தது. தாத்தா வாங்கிப்போட்ட கட்டடம். அவர் போன பிறகு பெரியப்பா கல்லாவில் உட்கார்ந்தார். அவர் தம்பியான என் நைனா, அதாவது அப்பா, குடங்களை ஏற்றி இறக்கினார். வீட்டிலும் அப்படித்தான், பெரியப்பா குடும்பம் கீழே, நாங்கள் மாடியில்.

என் அக்கா பாறைகளைப் பற்றிய படிப்பு படித்தவள். சென்னையில் பட்டம் வாங்கிய கையோடு, மேல்படிப்புக்கு ஜெர்மனி போயே தீருவேன் என்று நின்றாள். "கல்லப் பத்திப் படிக்க ஜெர்மனிக்குப் போறாளாமே, செஞ்சியில இல்லாத கல்லா?" என்று பெரியம்மா கேட்க, தெருவே சிரித்தது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலையாகத் தெரிகிற ஊரில் அந்தக் கேள்வி நியாயமானது என்றே எனக்கும் பட்டது.

அவள் போக நினைத்த இடத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. அது நல்ல செய்தி. கெட்ட செய்தியை அக்கா மெல்ல மெல்லத்தான் சொன்னாள். அங்கே ஒரு வருடம் தங்கிச் சாப்பிட ஆகும் பணம் முழுவதையும் முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு மாதாமாதம் கொஞ்சமாகத்தான் அதை விடுவார்கள். அந்தக் கணக்கு இல்லையென்றால் விசா இல்லை. "நம்ம பணத்த நம்மளே எடுக்க முடியாதா?" என்று நைனா இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். வங்கியில் கடன் கேட்டால் ஜாமீனுக்குச் சொத்து கேட்டார்கள். இருந்த ஒரே சொத்து கடை. அதுவும் தாத்தா பெயரிலேயே இருந்தது.

முதலில் விண்ணப்பித்துவிடுவது, இடம் கிடைத்த பிறகு பெரியப்பாவிடம் பேசுவது என்று மாடியில் முடிவாயிற்று. விண்ணப்பக் கட்டணத்தை நைனாவின் கார்டில் கட்டினால் கடைக் கணக்கில் பணம் குறைந்து பெரியப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் அத்தையை அவள் கார்டோடு வரவழைத்தோம்.

அத்தை பெரியப்பாவுக்குத் தங்கை, நைனாவுக்கு அக்கா. மேல்மலையனூரில் கோயிலுக்குப் போகிற வழியில் தேங்காய், கற்பூரம், எலுமிச்சை மாலை விற்கும் கடை வைத்திருந்தாள். மாமா இறந்த பிறகு தனி ஆளாகவே அதை நடத்தினாள். பிள்ளைகள் இல்லை. அமாவாசைக் கூட்டத்தில் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிச் சில்லறை கொடுப்பாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் பெரியப்பாவுக்கு எதிரில் வரமாட்டாள்.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் மத்தியானம். அக்கா மடிக்கணினியோடு மொட்டை மாடியில் இருந்தாள். அங்கேதான் நெட் வேகமாக வரும். சார்ஜ் தீர்ந்த அத்தையின் போன் கீழ்க்கூடத்தில் மாட்டியிருந்தது. ஓடிபி வந்ததும் மனப்பாடம் செய்துகொண்டு மாடிக்கு ஓட வேண்டும் என்பது என் வேலை. இரண்டு தடவை ஓடினேன். இரண்டு தடவையும் படியேறி முடிப்பதற்குள் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டன. மூன்றாம் தடவை ஓடவில்லை. படியடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆறு எண்களையும் சொல்லி முடித்து, "ஜெர்மனிக்குப் பணம் போயிட்ச்சாக்கா?" என்றும் கேட்டேன்.

பெரியப்பா சாப்பிட வந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்.

"எந்த ஜெர்மனிக்கு? இன்னா பணம்?"

பணம் போய்விட்டிருந்தது. கூடவே ரகசியமும்.

அன்று சாயங்காலம் கூடத்துக்கு எல்லோரையும் வரவழைத்தார். அவர் சத்தம் போடவே இல்லை. "பொண்ணு படிப்புக்குக் கடைய அடகு வெக்கிற வேலையெல்லாம் இங்க கெடையாது. இந்த வூட்டுல பொண்ணுங்களுக்கு செய்ய வேண்டியத எல்லாம் செஞ்சாச்சு. இதோ நிக்கிறாளே, இவளையே கேளு" என்று அத்தையைக் காட்டினார். அத்தை சுவரோரமாக நகர்ந்து நின்றாள். நைனா தரையைப் பார்த்தார்.

"எனக்கு இன்னா செஞ்சீங்க பெரீப்பா?" என்றாள் அக்கா. அதற்கு அம்மாவிடம் ஓர் அறை வாங்கினாள்.

இரண்டு மாதம் கழித்து இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. பெரியப்பா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடையை இடித்து மாடி வைத்துக் கட்டும் தன் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னால், தன் பங்கு வேண்டாம் என்று அத்தை எழுதித் தர வேண்டும். அந்தத் தாளுக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அத்தையின் வியாபாரம் கெடக் கூடாதென்று அமாவாசைக்கு மறுநாளாகப் பார்த்து நாள் குறித்தார். அந்த மாதிரி விஷயங்களில் பெரியப்பா கனிவானவர்.

எழுதிக் கொடுக்கும் தங்கைக்குச் சீர் செய்வது வழக்கமாம். பழத்தட்டோடும் பட்டுப்புடவையோடும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போனோம். வேலை முடிந்ததும் பரோட்டா உண்டு என்று சொல்லியிருந்ததால் நானும் போனேன்.

பதிவாளர் கண்ணாடி போட்ட இளம்பெண். "படிச்சுப் பாத்தீங்களாம்மா? உங்க சொந்த விருப்பத்துலதான் எழுதித் தர்றீங்களா?"

எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுக் கடந்துபோகிற கேள்வி. அத்தை தாளைப் பதிவாளர் பக்கமே தள்ளி வைத்தாள்.

"இல்லீங்க. எனக்கு இஷ்டம் இல்ல."

பெரியப்பா சிரித்தார். "டென்ஷன்ல சொல்லுது மேடம்."

"டென்ஷன்லாம் இல்லண்ணா. நேத்து பூரா கடையில நின்னு யோசிச்சிட்டுதான் வந்துக்கிறேன். என் பாகத்தப் பிரிச்சிக் குடு. இல்லாட்டி அதுக்குண்டான பணத்தக் குடு. அந்தப் புள்ள போய்ப் படிக்கட்டும்."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

பெரியப்பா நைனாவைப் பார்த்தார். "நீ சொல்றா அதுக்கு."

அண்ணன் பேச்சை நைனா தட்டி நான் பார்த்ததே இல்லை. "அது பாகத்த அது கேக்குது. நான் இன்னா சொல்றதுண்ணா?"

பதிவாளர் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அத்தை சீர்த்தட்டைத் தூக்கிப் பெரியப்பா கையில் கொடுத்தாள். "பொடவய அண்ணிய கட்டிக்கச் சொல்லு. கலர் நல்லாக்கீது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. புடவையும் போயிற்று, பரோட்டாவும் போயிற்று.

பிறகு வக்கீல்களும் சொந்தக்காரர்களும் மாறி மாறிப் பேசினார்கள். அத்தை இறங்கி வரவில்லை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க முடியாது என்று தெரிந்த பிறகு பெரியப்பா பங்குக்கான பணத்தைக் கொடுத்தார். அதற்குள் அக்காவுக்குக் கிடைத்த இடம் கைவிட்டுப் போயிருந்தது. "சாமியே வேணான்னு சொல்லிட்ச்சி" என்றாள் பெரியம்மா.

அக்கா மறுபடி விண்ணப்பித்தாள். இந்த முறை கீழ்க்கூடத்தில், பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து விண்ணப்பித்தாள். போனில் அத்தை சொல்லச் சொல்ல, ஆறு எண்களையும் உரக்கத் திருப்பிச் சொன்னாள். பெரியப்பா மோர் கேட்டார். இடம் மறுபடி கிடைத்தது. அத்தையின் பங்கு அப்படியே அந்தக் கணக்குக்குப் போனது. விசாவும் வந்தது.

அக்கா கிளம்பிய அன்றும் அத்தை வீட்டுக்கு வரவில்லை. கையெழுத்துப் போட மறுத்த நாளிலிருந்தே அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரில் நின்றிருந்தாள். காரை நிறுத்தினோம். அக்கா இறங்கி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அழுதுகினு போவாத. நாம தப்பு ஒண்ணும் பண்ணல. நிமிந்து போ" என்றாள் அத்தை. அவள் அழவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை அம்மா மடியில் வந்த எனக்கு, விமான நிலையம் வரை போகக் காரில் இடம் இல்லை. என்னை வீட்டில் சேர்க்கச் சொல்லி அத்தையிடம் விட்டுப் போனார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். எங்கள் தெருமுனை வந்ததும் நின்றுவிட்டாள்.

"வா அத்த, காப்பி குடிச்சிட்டுப் போ."

"நீ போ பாப்பா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நான் மட்டும் ஓடினேன். வாசற்படி ஏறித் திரும்பிப் பார்த்தால், அவள் அதே முனையில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னவள் ஏன் இன்னும் நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பஸ் போய்விடப் போகிறதே என்ற கவலையில், சீக்கிரம் போ, போ என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன்.