கவிழ்த்து நீட்டிய தாள்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார் அவர். வழுக்கைத் தலை, சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா. எதை பிரிண்ட் எடுத்தாலும் தாளைக் கவிழ்த்துத்தான் நீட்டுவார். அண்ணன் எடுக்கும் நிலச் சிட்டாவைத் தம்பி பார்த்துவிட்டால் வரப்புச் சண்டை கடை வாசலுக்கே வந்துவிடும் ஊர்.

என் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் அப்படித்தான் நீட்டினார். வெளியே வந்து புரட்டினேன். எந்தக் கல்லூரியும் கூப்பிடாத மார்க். மூடியிருந்த ரயில்வே கேட் திறந்தும் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அங்கேயே இங்குமங்கும் நடந்தேன். தாங்காமல் திரும்பி வந்து கேட்டேன்.

"மார்க்கைப் பாத்தீங்களாண்ணே?"

"நான் எதையும் பாக்கறதில்லம்மா. சாயங்காலமானா எல்லாத்தயும் அழிச்சிடுவேன்."

அதற்கப்புறம் பல மாதங்கள் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தைத் திறப்பேன், மூடுவேன், காரணமில்லாமல் கும்பகோணம் பஸ் ஏறுவேன். மறுபடி விண்ணப்பிக்கும் நாள் வந்ததும் அவரிடமே போய் போட்டோவை நீட்டினேன்.

"ஸ்கேன் வேணாம், இருக்கு" என்றார். திரையில், போன வருஷ விண்ணப்பத்துக்கு அவர் ஸ்கேன் செய்த என் படம்.

"அழிச்சிடுவேன்னீங்களே?"

படத்தை விண்ணப்பத்தில் ஏற்றினார். விண்ணப்பத்தை பிரிண்ட் எடுத்தார். வழக்கம்போல் கவிழ்த்து நீட்டினார், எதையும் பார்க்காத அந்த மனிதர்.