யான் கற்ற ஒரே சொல்

போன மாதம் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் வண்டிக்குக் காத்திருந்தேன். முட்டை போண்டா கடை முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றிருந்தாள். முதுகில் அவள் உயரத்தில் பாதிக்கு ஒரு பை, பையின் பக்கத்தில் காயப்போட்ட ஒற்றைச் சாக்ஸ். கடைக்கார அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன வேணும் சாமி?" என்றார். அந்தப் பெண் கையிலிருந்த போனை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். போன் ஒரு நொடி யோசித்துவிட்டு, தெளிவான ஆங்கிலத்தில், 'கடவுளே, உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டது.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கோ, பதினாறு வருடமாக நான் யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் குழந்தையும் சாமி, பெரியவரும் சாமி, வழி கேட்க வந்தவரும் சாமி. நானோ சேலம் டவுனில் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டில் சாமி என்றால் வெள்ளை அங்கி போட்ட, எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் ஒருவர்தான். பள்ளிக்கூட நண்பன் ஒருவனின் அம்மா, திருச்செங்கோட்டுக்காரர், முதல்முறை என்னை "சாப்பிட்டயா சாமி" என்று கேட்டபோது, ஃபாதர் வந்திருக்கிறாரோ என்று நான் திரும்பி வாசலைப் பார்த்தேன்.

அந்த மத்தியானத்தில் என்னோடு இருந்தவன் யான் என்ற நெதர்லாந்துக்காரன். நான் முதலில் பார்த்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது, இந்தியாவுக்கு வந்து இரண்டாம் நாள். சென்னையிலிருந்து கேரளா போகும் ரயிலில் வந்தவன் சேலத்தில் இறங்கிவிட்டான். அவனிடமிருந்த தடித்த வழிகாட்டிப் புத்தகத்தில் சேலம் என்ற ஊரே இல்லையாம். அப்படியென்றால் அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்க்க இறங்கினானாம். இந்தக் காரணம் எங்கள் செய்தி ஆசிரியருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்று நாள் அவனோடு சுற்றி ஞாயிறு இணைப்புக்கு ஒரு கட்டுரை எழுது என்றார். நான் அப்போது விபத்துச் செய்தி எழுதுகிறவன். வாரத்துக்கு இரண்டு முறையாவது 'அடையாளம் தெரியாத வாகனம் மோதி' என்று தொடங்கி எழுதுவேன். கைக்கு அந்த வரி அவ்வளவு பழக்கம். இருந்தாலும் அலுவலகத்தில் ஆங்கிலம் பேசத் துணிந்தவன் நான் ஒருவன்தான்.

யான் ஒரு சிறு நோட்டில் 'அதிர்ச்சிகள்' என்று தலைப்புப் போட்டு எண் கொடுத்து எழுதிவந்தான். முதல் அதிர்ச்சி, அம்மாபேட்டை முனையில் திரும்பிய முட்டை வண்டி. ஆள் உயரத்துக்கு அட்டை அட்டையாக முட்டை, மேலே ஒரே ஒரு கயிறு. வண்டி சாய்ந்து திரும்பியபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாவது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயரைக் கேட்பதற்கு முன்பே, கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் ஆகவில்லை என்று கேட்டது. இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் பத்தொன்பது சேர்ந்துவிட்டன. அந்த வரிசையில் முதலில் வந்திருக்க வேண்டியது அவனுக்குத் தெரியாமலே போயிற்று.

தமிழில் ஒரே ஒரு சொல் கற்றுக்கொடு என்றான். 'ஆமாங்க' என்று கற்றுக்கொடுத்தேன். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் ஒரு வாரம் ஓட்டலாம் என்றேன். திருச்செங்கோட்டு மெஸ்ஸில், இன்னொன்று வைக்கட்டுங்களா என்று கேட்கக் கேட்க ஆமாங்க என்று சொல்லி ஏழு தோசை சாப்பிட்டான்.

ஜிப்பாவையும் சொல்ல வேண்டும். லாட்ஜில் சலவைக்குப் போட்ட துணி காயவில்லை. கதர்க் கடைக்கு நான்தான் அழைத்துப்போனேன். அவன் உயரத்துக்கு இருந்த ஒரே வெள்ளை ஜிப்பா முழங்காலுக்குக் கீழே இறங்கியது. கஞ்சி வாசனை இரண்டு அடி தள்ளி அடிக்கும். திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் ஒரு மரமணி மாலை வாங்கிப் போட்டுக்கொண்டான். பழுப்புத் தாடி நெஞ்சைத் தொட்டது. விபத்து நடந்த இடத்தில் உடைந்த கண்ணாடித் துண்டைக்கூட எண்ணி எழுதுகிறவன் நான். பக்கத்தில் நடந்து வருகிறவன் யாரைப்போல இருக்கிறான் என்பதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் கொல்லிமலை பார்க்கக் கிளம்பி, சேந்தமங்கலத்தைத் தாண்டி ஒரு சின்ன நிறுத்தத்தில் டீ குடிக்க இறங்கினோம். கடைக்கார அம்மா யான் நின்ற கோலத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தார். "ஸ்டெல்லாக்கா, வெள்ளக்காரச் சாமி ஒண்ணு வந்திருக்குது பாருங்க."

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் ஸ்டெல்லாம்மா. அவர் கணவர் அந்தோணி, லாரி ஓட்டியவர், ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டில் கிடந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. பங்குச் சாமியார் தியானத்துக்காக வெளியூர் போயிருந்தார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் கடைசிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் கணவர் போய்விடுவாரோ என்று காலையிலிருந்து ஒரு சாமிக்காகவே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தம்மா. வெளியே வந்தார், ஜிப்பாவையும் மாலையையும் தாடியையும் பார்த்தார், கை கூப்பினார்.

"தோத்திரம் சாமி. இன்னும் நெனவு இருக்குதுங்க. உள்ள வாங்க."

யான் பளிச்சென்று சொன்னான். "ஆமாங்க."

நான், "அக்கா, இவரு வந்து…" என்று ஆரம்பித்தேன். அவர் என் பக்கம் திரும்பி, சாமியாருக்கு மொழிபெயர்த்துச் சொல்லத்தான் வந்திருக்கிறீர்களா தம்பி என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அது பொய்யில்லை. மேலே சொல்ல எனக்கு வாசல் வரைக்கும் நேரம் இருந்தது. உள்ளே கட்டில் வரைக்கும் இருந்தது. டெட்டாலும் அணைத்த மெழுகுவர்த்தியும் கலந்த வாசனைக்குள், மஞ்சளாகிப்போன ஒரு மனிதர் எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல், நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டார். பாவசங்கீர்த்தனம் வீட்டார் காதில் விழக்கூடாது என்ற முறைப்படி ஸ்டெல்லாம்மா வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டார். நோயாளியைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து யான் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சாமி, நான் ஒரு ஆளக் கொன்னுட்டனுங்க."

பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இடத்தைச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய விடியற்காலை, தூறல், ஒரு வளைவு, ஒரு சைக்கிள். இடித்தது தெரிந்தது என்றார். வண்டியை மெதுவாக்கிப் பக்கக் கண்ணாடியில் பார்த்தாராம்.

"கையத் தூக்குனாருங்க. நான் பாத்தனுங்க. பாத்துட்டுத்தான் போனேன்."

தலையணைக்கு அடியிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார். அதற்குள் பழுத்துப்போன ஒரு பேப்பர்த் துண்டு. எழுத்தைப் பார்த்ததுமே எங்கள் பேப்பர் என்று தெரிந்தது. நான் எழுதியது அல்ல, அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வரி என் வரிதான். 'அடையாளம் தெரியாத வாகனம் மோதி சுமார் 40 வயது மதிக்கத்தக்க ஆண் பலி. அவர் யார் என்று போலீசார் விசாரித்து வருகின்றனர்.'

"நாந்தானுங்க அந்த வண்டி" என்றார் அந்தோணி.

அந்த வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு ஆள் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அந்தோணி என்னைப் பார்க்கவேயில்லை. யான் முகத்தையே பார்த்துக் கேட்டார்.

"கடவுள் என்னைய மன்னிப்பாருங்களா சாமி?"

யான் என் பக்கம் திரும்பினான். நான் மொழிபெயர்க்க வேண்டும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டும் வரவில்லை. ஏதோ கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்து, தனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னான்.

"ஆமாங்க."

அந்தோணியின் முகத்தில் நடந்ததை எழுத முயன்று பலமுறை அடித்திருக்கிறேன். விட்டுவிடுகிறேன்.

பஸ்ஸில் யான், அவர் என்ன சொன்னார் என்று கேட்டான். லாரி ஓட்டிய காலத்தைப் பற்றிப் பேசினார் என்றேன். கடைசியில் என்ன கேட்டார்? நன்றாக இருப்பேனா என்று கேட்டார் என்றேன். அப்படியானால் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டான். அன்று இரவே திருச்சிக்கு ஏறிவிட்டான். பத்து நாள் கழித்து ஈமெயிலில், அந்த நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தான். நான் பதில் போடவில்லை.

அன்று திரும்பும் வழியில், சேந்தமங்கலத்தில் ஒரு பூத்திலிருந்து பங்குக் கோயிலுக்குப் போன் செய்து, சாமியாரை உடனே வரச்சொல்லும்படி சொல்லியிருந்தேன். மறுநாள் காலை அவர் வந்தார், நானும் போனேன். அந்தோணி விடியும்போதே இறந்துவிட்டார். ஒரு வெளிநாட்டுச் சாமியார் வந்து எல்லாம் முடித்துக்கொடுத்தார் என்று ஸ்டெல்லாம்மா நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் சபைச் சாமியார் என்று ஃபாதர் கேட்க, அந்தம்மா என்னைக் காட்டினார். கோழிக்கூண்டுப் பக்கம் ஃபாதரை அழைத்துப்போய் நடந்ததைச் சொன்னேன்.

"அந்தோணி என்ன சொன்னாருன்னு என்கிட்ட சொல்லாதீங்க" என்றார் முதலில். பிறகு கேட்டார். "அந்தப் பையன் என்ன சொன்னான்?"

"ஆமாங்கன்னு சொன்னான் ஃபாதர்."

ஃபாதர் ஸ்டெல்லாம்மாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பேசினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அலுவலகத்தில் பழைய பேப்பர்களைக் கட்டி வைத்த அறையில் அந்தச் செய்தியைக் கண்டுபிடித்தேன். அதற்கடுத்த இரண்டு மாதத்துப் பேப்பரைப் பக்கம் பக்கமாகத் தேடினேன். சைக்கிளில் போனவர் யார் என்று ஒரு வரிகூட இல்லை. யாரிடமாவது போய்ச் சொல்லலாம் என்றாலும் போவதற்கு ஒரு வாசல் இல்லை.

யான் பற்றிய கட்டுரையில் இரண்டு நாளை மட்டும் எழுதினேன். பிழை திருத்துகிற அண்ணன் 'யான்' என்பது என் பழந்தமிழ் ஆசை என்று நினைத்து எல்லா இடத்திலும் 'நான்' ஆக்கி, வினைச்சொல்லையும் பொறுப்பாகத் திருத்திவிட்டார். 'நான் ஏழு தோசை சாப்பிட்டேன்' என்று அச்சாகி, ஒரு மாதம் எனக்கு ஏழு தோசை என்றே பெயர். மூன்றாம் நாளையும் எழுதியிருந்தால், 'நான் ஆமாங்க என்றேன்' என்று வந்திருக்கும். அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் இருந்திருக்காது.

இப்போது நான் அலுவலகத்திலேயே உட்கார்ந்து செய்தி திருத்தும் டெஸ்க்கில் இருக்கிறேன். அடையாளம் தெரியாத வாகனம் வருவது குறைந்துவிட்டது. சுங்கச்சாவடியில் கேமரா, பெட்ரோல் பங்கில் கேமரா, மறுநாளே வண்டி எண்ணோடு செய்தி வந்துவிடுகிறது. அந்தச் செய்திகளை முன்பைவிட மெதுவாகப் படிக்கிறேன். யானிடம் அன்று இந்தப் பெண்ணின் போன் இருந்திருந்தால், முதல் வாக்கியத்திலேயே கையை உதறி எழுந்திருப்பான். அவனைக் குறை சொல்ல முடியாது.

பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் ஒரு போண்டாவைத் தின்று முடித்தாள். கடைக்கார அம்மா, "இன்னொண்ணு வெக்கட்டுமா சாமி?" என்றார். அவள் போன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, சிரித்து, போனிடம் எதையோ சொன்னாள். போன் அம்மாவைப் பார்த்துச் சொன்னது.

"ஆம்."

அதில் 'ங்க' இல்லை.